வேதாகமமும் அடிமை முறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துக் கட்டளைகள் யாத்திராகமம் 20-இல் இருக்கின்றன. அடுத்த அதிகாரத்தைத் திறந்ததும் முதலில் வருவது அடிமைகளைப் பற்றிய சட்டம். பலர் அங்கே பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். புரட்டாமல் நின்று கேட்பவர்களுக்காக எழுதப்பட்டவை இந்தப் பதில்கள். எழுதுகிறவன் விசுவாசிதான். ஆனால் கடவுளுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைத்து வசனங்களை வளைப்பது எனக்கு உடன்பாடில்லை.

வேதாகமம் அடிமை முறையைத் தடை செய்கிறதா?

இல்லை. ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை தேடினாலும் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று ஒரு கட்டளை அகப்படாது. ஆளைக் கடத்தி விற்பவனுக்கு மரண தண்டனை உண்டு (யாத்திராகமம் 21:16). அடிமைக்கும் ஓய்வுநாள் உண்டு. அடிப்பதற்கு வரம்பு உண்டு. ஆனால் ஒரு மனிதன் இன்னொருவனின் சொத்தாக இருப்பதை அந்தப் பக்கங்கள் உலக வழக்கமாகவே எடுத்துக்கொள்கின்றன. இதை ஒப்புக்கொள்ளாமல் தொடங்கும் எந்த விளக்கமும் நடுவழியில் இடறி விழும்.

மோசேயின் சட்டங்களில் அப்படி என்னதான் இருக்கிறது?

இரண்டு வகை அடிமைகள், இரண்டு வகைச் சட்டங்கள். எபிரெய அடிமை ஆறு வருடம் உழைத்து ஏழாம் வருடம் எதுவும் கொடுக்காமல் விடுதலையாகலாம் (யாத்திராகமம் 21:2). தனியாக வந்தவன் தனியாகப் போவான். இடையில் எஜமான் அவனுக்குப் பெண் கொடுத்திருந்தால், அவளும் பிள்ளைகளும் எஜமானுக்கே சொந்தம். குடும்பத்தைப் பிரிய மனமில்லாதவனைக் கதவருகே நிறுத்திக் கம்பியால் காதைக் குத்துவார்கள். அவன் என்றைக்கும் அடிமை. எஜமான்மேல் கொண்ட அன்பின் அடையாளம் என்று இந்தச் சடங்கை உருகிப் பிரசங்கிப்பவர்கள் உண்டு. பெண்டாட்டி பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொண்டு வாங்கப்படும் அன்பு அது என்பதை அவர்கள் ஒருமுறையாவது சொல்லலாம்.

அடிக்கும் சட்டம் இன்னும் கடினமானது. கோலால் அடித்து அடிமை அங்கேயே செத்தால் எஜமானுக்குத் தண்டனை. ஓரிரு நாள் உயிரோடு இருந்துவிட்டால் தண்டனை இல்லை. காரணம், அடிமை அவனுடைய பணம் (21:20-21). ஐந்தாறு வசனங்கள் தள்ளி, அடித்ததில் அடிமையின் கண்ணோ பல்லோ போனால் அவனை விடுதலையாக்க வேண்டும் என்கிறது அதே அதிகாரம். மாடு முட்டி அடிமை செத்தால், மாட்டுக்காரன் அடிமையின் எஜமானுக்கு முப்பது சேக்கல் வெள்ளி கொடுக்க வேண்டும். ஒரே அதிகாரத்தில் அடிமை மனிதனாகவும் வருகிறான், விலைப்பொருளாகவும் வருகிறான்.

அந்நிய அடிமைகளுக்கு ஏழாம் வருடம் கிடையாது. சுற்றியுள்ள இனத்தாரிடம் அடிமைகளை வாங்கலாம், அவர்களைப் பிள்ளைகளுக்குச் சுதந்தரமாக விட்டுப்போகலாம் என்று லேவியராகமம் 25:44-46 வெளிப்படையாகச் சொல்கிறது. தேசமெங்கும் விடுதலை கூறும் யூபிலி வருடத்தைப் பற்றிய அதிகாரமும் இதேதான். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள புகழ்பெற்ற விடுதலை மணியில் பொறித்திருப்பது இந்த அதிகாரத்தின் பத்தாம் வசனம். நாற்பத்து நான்காம் வசனத்தை யாரும் எந்த மணியிலும் பொறிக்கவில்லை.

"அது வெறும் கடனுக்கான வேலை, அமெரிக்க அடிமை முறையைப் போன்றது அல்ல" என்று எங்கள் போதகர் சொல்கிறாரே?

பாதி உண்மை. கடன்தான் பலரை அடிமையாக்கியது. தீர்க்கதரிசி ஒருவரின் விதவை, கடன்காரன் என் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்க வந்து நிற்கிறான் என்று எலிசாவிடம் அழுகிறாள் (2 இராஜாக்கள் 4:1). நெகேமியா 5-இல் பஞ்சத்தில் வயலை அடகு வைத்தவர்கள் மகள்களையும் அடிமைகளாகக் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள்.

மீதிப் பாதியைப் போதகர் விட்டுவிடுகிறார். போரில் பிடிபட்ட பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கான விதிகள் உபாகமம் 21-இல் இருக்கின்றன. அவளுக்கு எந்தக் கடனும் இல்லை. பரம்பரைச் சொத்தாகக் கைமாறும் அந்நியனுக்கும் இல்லை. ஆபிரகாமுக்குப் பிள்ளை பெறக் கொடுக்கப்பட்ட அடிமைப்பெண் ஆகாரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

அக்கம்பக்கத்து நாடுகளோடு ஒப்பிட்டால் மோசேயின் சட்டம் எல்லா இடத்திலும் மேலானது என்பதும் சரியல்ல. பாபிலோனின் ஹம்முராபி சட்டம் கடனுக்கு விற்கப்பட்டவர்களை மூன்று வருடத்தில் விடுவிக்கச் சொல்கிறது. யாத்திராகமம் ஆறு வருடம் என்கிறது. ஆனால் தப்பியோடிய அடிமையை ஒளித்து வைப்பவனுக்கு ஹம்முராபி மரண தண்டனை விதிக்கிறார். உபாகமம் 23:15-16 அதற்கு நேரெதிர்: உன்னிடம் தப்பி வந்த அடிமையை எஜமானிடம் ஒப்படைக்காதே, அவன் விரும்பும் ஊரில் உன்னோடு இருக்கட்டும், அவனை ஒடுக்காதே. பண்டைய உலகத்தில் இப்படி ஒரு சட்டம் அபூர்வம். ஓட நினைக்கும் அடிமைக்கெல்லாம் அது கதவைத் திறந்துவிடுகிறது. 1850-இல் அமெரிக்க நாடாளுமன்றம், தப்பிய அடிமைகளைப் பிடித்துக் கொடுப்பதை வடமாநிலத்தாரின் கடமையாக்கியபோது, அடிமை ஒழிப்பாளர்கள் எடுத்துக்காட்டிய வசனம் இதுதான்.

ஏழாம் வருட விடுதலையையாவது யூதர்கள் கடைப்பிடித்தார்களா?

எரேமியா 34-ஐ வாசியுங்கள். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தபோது சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும் எபிரெய அடிமைகளை விடுவித்தார்கள். படை சற்று விலகியதும் அதே ஆட்களைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் விடுதலை கூறவில்லை, ஆகையால் நான் உங்களுக்கு விடுதலை கூறுகிறேன்: பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் என்று கர்த்தர் சொல்வதாக எரேமியா அறிவிக்கிறார். இதைவிடக் கசப்பான நையாண்டி வேதத்தில் அதிகமில்லை.

இயேசு இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா?

நேராகச் சொல்லவில்லை. நாசரேத்து ஜெப ஆலயத்தில் சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை என்ற ஏசாயாவின் பகுதியை வாசித்துத் தம் பணியைத் தொடங்கினார் (லூக்கா 4:18). ஆனால் அவருடைய உவமைகளில் அடிமைகள் நிறைய வருகிறார்கள், அடியும் வாங்குகிறார்கள். எஜமானின் சித்தத்தை அறிந்தும் செய்யாத ஊழியக்காரன் அநேக அடிகள் அடிக்கப்படுவான் என்று லூக்கா 12:47 சொல்கிறது. அடிமையாகப் பிறந்து தப்பித்த பிரெடரிக் டக்ளஸ் 1845-இல் எழுதிய தன்வரலாற்றில், மெதடிஸ்டு முகாம் கூட்டத்தில் மனந்திரும்பிய தன் எஜமான், கால் ஊனமான ஓர் இளம்பெண்ணைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்துக்கொண்டே இந்த வசனத்தைச் சொன்னதை எழுதியிருக்கிறார். உவமையை உவமையாகத்தானே எடுக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும். அந்தப் பெண்ணின் முதுகில் அது உவமையாக விழவில்லை.

பவுல் அடிமைகளைக் கீழ்ப்படியச் சொன்னது ஏன்?

எபேசியர் 6:5, கொலோசெயர் 3:22, தீத்து 2:9 மூன்றும் கீழ்ப்படியச் சொல்கின்றன. 1 பேதுரு 2:18 இன்னும் ஒரு படி மேலே போய், முரட்டு எஜமானுக்கும் கீழ்ப்படியச் சொல்கிறது. (பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இங்கெல்லாம் "வேலைக்காரர்" என்று வருவதால், தமிழ் வாசகர் பலர் இவை அடிமைகளுக்கு எழுதப்பட்டவை என்பதைக் கவனிப்பதே இல்லை.)

வழக்கமாகச் சொல்லப்படும் பதில்: ரோம சாம்ராஜ்யத்தில் திருச்சபை என்பது வீடுகளில் கூடிய சிறு கூட்டம்; அடிமைகளைக் கிளப்பிவிடுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தாலே போதும், எல்லாரும் அழிந்திருப்பார்கள்; எனவே பவுல் உள்ளிருந்து மாற்றினார். இதில் நியாயம் இருக்கிறது. கிரேக்க அறிஞர்கள் குடும்ப ஒழுங்கைப் பற்றி எழுதும்போது வீட்டுத் தலைவனிடம் மட்டும் பேசினார்கள். பவுலின் நிருபமோ அடிமைகளை நேராக விளித்துப் பேசுகிறது. உங்களுக்கும் பரலோகத்தில் ஓர் எஜமான் உண்டு என்று எஜமான்களையும் எச்சரிக்கிறது. அவ்வளவுக்கு அது புதுமை. ஆனால் அவர்களை விடுதலையாக்குங்கள் என்ற ஒரு வரியைச் சேர்க்க அவரைத் தடுத்தது எது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பிலேமோனுக்கு எழுதிய நிருபம் இருபத்தைந்தே வசனம். ஒநேசிமு என்ற அடிமையைப் பவுல் எஜமானிடம் திருப்பி அனுப்புகிறார். இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார். அவன் பட்ட கடனை என் கணக்கில் எழுதிக்கொள் என்று தன் கையாலேயே எழுதுகிறார். நான் சொன்னதற்கு மேலாகவே செய்வாய் என்று அறிவேன் என்றும் ஒரு வார்த்தை. அந்த "மேலாக" என்பது விடுதலையா? அடிமை முறையை ஆதரித்த அமெரிக்கத் தென்மாநிலத்தார் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு, பவுலே அடிமையைத் திருப்பி அனுப்பினாரே என்றார்கள். எதிர்த்தரப்பு இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டது. என் வாசிப்பில் பவுல் விடுதலையைத்தான் எதிர்பார்க்கிறார். ஆனால் கட்டளையிடாமல் எஜமானின் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறார். எஜமான்களின் மனச்சாட்சியை நம்பியதன் விலையைப் பிந்திய நூற்றாண்டுகள் கொடுத்தன.

காமின் சாபம்தான் கறுப்பின மக்களை அடிமையாக்கியது என்பது உண்மையா?

பொய். ஆதியாகமம் 9-இல் நோவா சபிப்பது தன் மகன் காமை அல்ல, காமின் மகன் கானானை. தோலின் நிறத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. இந்தக் கதைக்கு இதற்கு மேல் மரியாதை தர வேண்டாம்.

ஆதித் திருச்சபையில் யாருமே எதிர்க்கவில்லையா?

நான்காம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி எதிர்த்தார். நான் அடிமைகளை விலைக்கு வாங்கினேன் என்று பிரசங்கி 2:7-இல் வரும் வரியை எடுத்துக்கொண்டு, கடவுளின் சாயலுக்கு எத்தனை காசு விலை வைத்தாய் என்ற தோரணையில் வெளுத்து வாங்கினார். அடிமை முறையையே தவறென்று அவ்வளவு நேராகத் தாக்கிய இன்னொரு குரல் அந்தக் காலத்தில் இல்லை. சில பத்தாண்டுகள் கழித்து அகஸ்டின் எழுதியதுதான் நிலைத்தது: மனிதன் மனிதனை ஆளும்படி படைக்கப்படவில்லை, ஆனாலும் அடிமைத்தனம் பாவத்தின் விளைவாக வந்த தண்டனை. பாவம் யாருடையது, தண்டனை யாருக்கு என்று கேட்க அடிமைகளுக்கு அங்கே இடமில்லை. 1452-இல் போப் ஐந்தாம் நிக்கலாஸ், கிறிஸ்தவர் அல்லாதவர்களை நிரந்தர அடிமைகளாக்கப் போர்ச்சுகல் மன்னருக்கு அனுமதி எழுதித் தந்தார். 1537-இல் போப் மூன்றாம் பவுல், அமெரிக்கப் பழங்குடிகளை அடிமையாக்கக் கூடாது என்று எழுதினார். இரண்டுமே ரோமாபுரியிலிருந்து வந்தவைதான்.

அமெரிக்காவில் இரு தரப்பும் ஒரே வேதத்தை வைத்துக்கொண்டு எப்படி வாதாடின?

தயக்கத்தோடு சொல்கிறேன்: வசனத்துக்கு வசனம் என்று எண்ணினால், அடிமை முறையை ஆதரித்தவர்களின் கை ஓங்கியிருந்தது. ஆபிரகாம் வைத்திருந்தார், மோசே அனுமதித்தார், இயேசு கண்டிக்கவில்லை, பவுல் கீழ்ப்படியச் சொன்னார் என்று நான்கு வரியில் முடித்துவிடுவார்கள். தென் கரோலினாவின் பிரெஸ்பிட்டேரியன் இறையியலாளர் ஜேம்ஸ் ஹென்லி தார்ன்வெல், 1850-இல், இந்தச் சண்டையில் ஒரு பக்கம் நாத்திகர்களும் சோஷலிஸ்டுகளும், மறுபக்கம் ஒழுங்கின் நண்பர்கள் என்று பிரித்தே காட்டினார். அடிமை முறையை எதிர்ப்பது வேதத்தையே மறுப்பது என்று ஒரு முழுத் தலைமுறை மனதார நம்பியது.

எதிர்த்தவர்கள் வேறு வழியில் போனார்கள். 1688-இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் கையெழுத்திட்ட மனு, மற்றவர் உனக்கு எதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறாயோ அதையே நீ அவர்களுக்குச் செய் என்ற கட்டளையில் நின்றது. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1774-இல் அடிமை முறைக்கு எதிராக எழுதினார். ஆள் கடத்தலுக்கு மரணம் என்றால், ஆப்பிரிக்காவில் கடத்தி வந்தவனிடம் வாங்கியவன் மட்டும் எப்படி நிரபராதி என்று மடக்கினார்கள். 1 தீமோத்தேயு 1:10 மனுஷரைத் திருடுகிறவர்களைக் கொலைபாதகர்களோடு ஒரே பட்டியலில் வைப்பதைக் காட்டினார்கள். தென்மாநிலத்தார், நாங்கள் கடத்தவில்லை, பரம்பரையாக வந்தது என்றார்கள்.

சபைகள் உடைந்தன. ஜார்ஜியாவைச் சேர்ந்த பிஷப் ஜேம்ஸ் ஆண்ட்ரூ அடிமைகளுக்கு உடைமையாளராக இருந்ததை ஒட்டி 1844-இல் மெதடிஸ்டுகள் பிரிந்தார்கள். அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்ற சண்டையில் 1845-இல் சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் பிறந்தது. நாடு உடைவதற்குப் பதினைந்து வருடம் முன்பே சபை உடைந்துவிட்டது. இரு தரப்பும் ஒரே வேதத்தை வாசிக்கின்றன, ஒரே கடவுளிடம் ஜெபிக்கின்றன என்று ஆபிரகாம் லிங்கன் 1865-இல் சொன்னபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட போர்வீரர்கள் செத்திருந்தார்கள்.

அடிமைகளாக இருந்தவர்கள் வேதத்தை எப்படி வாசித்தார்கள்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும். யாரும் முதலில் கேட்பதில்லை.

எஜமான்களுக்கு அந்தப் புத்தகத்தின் மேல் பயம் இருந்தது. 1807-இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று ஒரு வேதாகமம் அச்சானது. பழைய ஏற்பாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கும் புதிய ஏற்பாட்டில் பாதியும் அதில் இல்லை. எகிப்திலிருந்து புறப்பட்ட கதை இல்லை. "அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்ற கலாத்தியர் 3:28 இல்லை. எபேசியர் 6:5 பத்திரமாக இருந்தது. வேதம் முழுக்க எஜமான்களுக்குச் சாதகமாக இருந்திருந்தால் கத்தரிக்கோலுக்கு என்ன வேலை?

வெட்டியும் பயனில்லை. எழுத்தறியாதவர்கள் யாத்திராகமத்தைப் பாட்டாகப் பாடினார்கள். அடிமைகளை வடக்கே கூட்டிச்சென்ற ஹாரியட் டப்மனுக்கு மோசே என்றே பெயர் வைத்தார்கள். 1831-இல் வர்ஜீனியாவில் கலகம் செய்த நாட் டர்னர் ஒரு பிரசங்கி. ஆயுதம் எடுக்கும் உத்தரவை அவர் தீர்க்கதரிசிகளின் மொழியில் கேட்டார். அதன்பின் அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதைத் தடுக்கும் சட்டங்கள் தென்மாநிலங்களில் இறுகின.

கறுப்பின இறையியலாளர் ஹோவர்டு தர்மனின் பாட்டி அடிமையாக இருந்தவர், வாசிக்கத் தெரியாதவர். பேரனை வேதம் வாசிக்கச் சொல்வார், ஆனால் பவுலின் நிருபங்களை வாசிக்க விடமாட்டார். அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13-க்கு மட்டும் எப்போதாவது அனுமதி. எஜமானின் பிரசங்கியார் வரும்போதெல்லாம் அடிமைகளே கீழ்ப்படியுங்கள் என்றே பேசுவார். விடுதலையாகி வாசிக்கக் கற்றுக்கொண்டால் அந்தப் பகுதியை வாசிக்கமாட்டேன் என்று படைத்தவரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன் என்று பிற்காலத்தில் பேரனிடம் காரணம் சொன்னார். எந்த இறையியல் கல்லூரியிலும் படிக்காத அந்தப் பாட்டியைவிடத் தெளிவான வாசகரை நான் அறியேன்.

நம் பக்கத்தில் இது எப்படி இருந்தது?

1707-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு முதலில் ஞானஸ்நானம் கொடுத்தது டேனிஷ்காரர்களின் வீட்டு அடிமைகளுக்கு. அதே வருடம் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தில் தொகுத்த, அங்குள்ள தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் அடிமைகளுக்கென்று தனிப் பிரிவே இருந்தது. இலங்கையில் 1844-இல்தான் அடிமை முறை சட்டப்படி முடிந்தது. திருவிதாங்கூரில் மிஷனரிகள் 1847-இல் அடிமை விடுதலை கேட்டு மன்னருக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். 1855-இல் அரச பிரகடனம் வந்தது. இதைப் பெருமையாகச் சொல்கிறோம். அங்கே புலையர்களை அடிமைகளாக வைத்திருந்தவர்களில் பழைய சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு என்பதைச் சொல்வதில்லை.

அப்படி ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்கு அடிமைப்பட்டிருந்தவர்களின் வழியில் 1879-இல் பிறந்தவர் பொய்கையில் யோகன்னான். சபையில் சேர்ந்து பிரசங்கியாகி, சாதி அங்கேயும் காத்திருப்பதைக் கண்டு வெளியேறித் தனி இயக்கம் கண்டார். ரோமருக்கு நிருபம் இருக்கிறது, கொரிந்தியருக்கு இருக்கிறது, திருவிதாங்கூர்ப் புலையருக்கு எழுதிய நிருபம் எங்கே என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். கலாத்தியர் 3:28-ஐ மனப்பாடமாகச் சொல்லும் தமிழ்ச் சபைகள் சிலவற்றில் கல்லறைத் தோட்டம் சாதிக்கொன்றாக இருப்பதைப் பார்த்தால், அந்தக் கேள்விக்கு இன்னும் வயதாகவில்லை.

இன்றைய விசுவாசிகள் இந்த வசனங்களை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்?

பலர் விவாகரத்தை உதாரணமாகக் காட்டுவார்கள். உங்கள் இருதய கடினத்தினிமித்தம் மோசே இடங்கொடுத்தார், ஆதிமுதலாய் அப்படியிருக்கவில்லை என்று இயேசு மத்தேயு 19:8-இல் சொன்னார் அல்லவா, அடிமைச் சட்டமும் அப்படிப்பட்ட இடங்கொடுப்புத்தான் என்பது அவர்கள் வாதம். எனக்கு இதில் வலு தெரிகிறது, ஏனென்றால் அளவுகோல் வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. வேறு சிலர், யாத்திராகமத்திலிருந்து பிலேமோன் வரை ஒரே திசையில் நகரும் பாதையைப் பார்க்கிறார்கள்; வேதம் நின்ற இடத்தில் நாம் நிற்காமல் அது போன திசையில் போக வேண்டும் என்பார்கள். இன்னும் சிலர், இந்த வசனங்கள் மனிதரின் எழுத்து, தவறானவை, அவ்வளவுதான் என்கிறார்கள்.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. எபேசியர் நிருபத்தில் மனைவிகள், பிள்ளைகள், அடிமைகள் மூவருக்கும் அறிவுரை தொடர்ந்து வருகிறது. அடிமைக்குச் சொன்னது அந்தக் காலத்துக்கு மட்டும், மனைவிக்குச் சொன்னது எக்காலத்துக்கும் என்று எந்த இடத்தில் கோடு போடுவது? படைப்பிலேயே திருமணம் இருந்தது, அடிமை முறை இல்லை என்று ஒரு தரப்பு சொல்கிறது. மறுதரப்பு, அதே கோட்டைத் தார்ன்வெல் எங்கே போட்டார் பாருங்கள் என்கிறது. சபைகளில் பெண்களுக்குக் குருப்பட்டம் தரலாமா என்ற விவாதம் இந்தக் கோட்டைச் சுற்றித்தான் நடக்கிறது.

சபைகள் மன்னிப்புக் கேட்டனவா? ஈடு செய்தனவா?

சதர்ன் பாப்டிஸ்டுகள் 1995-இல் கேட்டார்கள், பிறந்து 150 வருடம் கழித்து. இங்கிலாந்து திருச்சபை 2006-இல் கேட்டது. அதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. இடையன்குடியில் கால்டுவெல்லுக்குப் பின்னால் நின்ற, இங்கிலாந்து திருச்சபையின் மிஷனரி அமைப்பான எஸ்.பி.ஜி. சங்கத்தை நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதே சங்கத்துக்குப் பார்படோஸ் தீவில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அங்கே அடிமைகளின் மார்பில் "சொசைட்டி" (சங்கம்) என்ற சொல்லைச் சூட்டுக்கோலால் பொறித்த காலமும் இருந்தது.

ஈடு விஷயத்தில் உபாகமம் 15:13-14 தெளிவாக இருக்கிறது. விடுதலையாகும் அடிமையை வெறுங்கையாய் அனுப்பாதே. உன் ஆட்டுமந்தையிலும் களத்திலும் ஆலையிலும் இருந்து அவனுக்குத் தாராளமாகக் கொடு. 1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழித்தபோது 20 மில்லியன் பவுண்டு ஒதுக்கியது. அது முழுவதும் எஜமான்களுக்குப் போனது. 400-க்கும் மேற்பட்ட அடிமைகளுக்காக எஸ்.பி.ஜி. தன் பங்காக 8,800 பவுண்டுக்கு மேல் வாங்கிக்கொண்டது. விடுதலையானவர்களுக்குக் கிடைத்தது, 1838 வரை அதே தோட்டங்களில் கூலியில்லாத பயிற்சிக் காலம்.